வருகிறதாம்!

தமிழில் 'ஆம்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. தனியாக நின்றால் அதற்குச் சம்மதம் என்று பொருள். ஒரு வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டாலோ, அதைப்போல் நழுவுகிற சொல் வேறில்லை. 'அவர் கடையை மூடுகிறார்' என்று நான் சொன்னால் அந்த வார்த்தைக்கு நான் ஜவாப்தாரி. 'கடையை மூடுகிறாராம்' என்று சொல்லிவிட்டேனோ, என்னை யாரும் நிறுத்திக் கேட்க முடியாது. எங்கோ கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைக்காரருக்குக் கடன் கொடுத்தவன் மறுநாள் காலையில் அவர் வாசலில் வந்து நிற்பான். சொன்னவன் தப்பித்தான், சொல்லப்பட்டவன் அகப்பட்டான். நம் ஊர்களில் எத்தனையோ கல்யாணங்கள் நின்றதற்கும், எத்தனையோ கூட்டு வியாபாரங்கள் முறிந்ததற்கும் இந்த ஒட்டுச் சொல்தான் காரணம்.

இந்த 'ஆம்' இப்போது போட்டோக்காரர்கள் வீட்டில் குடிபுகுந்திருக்கிறது. புது காமிரா வருகிறதாம். பழைய மாடலை நிறுத்தப் போகிறார்களாம். அடுத்த வருஷத்து லென்ஸ் இந்த வருஷத்துக் காமிராவில் பொருந்தாதாம். கானன் கம்பெனிக்கு ஒரு கூட்டம், நிக்கானுக்கு ஒரு கூட்டம், சோனிக்கு ஒரு கூட்டம் என்று உலகம் முழுவதும் வதந்தி பொறுக்குவதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு தொழிற்சாலையின் ஜன்னல் திறந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று ராத்திரியெல்லாம் தர்க்கம் செய்கிறார்கள்.

செய்துவிட்டுப் போகட்டுமே, இதிலென்ன குற்றம் என்று கேட்பீர்கள். பணமும் ஓய்வும் இருக்கிறவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. சீட்டாடுவதைவிட மேல் என்றுகூட ஒப்புக்கொள்வேன். ஆனால் மாடி அறையில் உட்கார்ந்து ஒருவர் பொழுதுபோக்காக வீசுகிற கல், கீழே தெருவில் போகிறவன் தலையில்தான் விழுகிறது. அந்தத் தெரு எனக்குத் தெரியும். அது தண்டையார்பேட்டையில் இருக்கிறது.

தண்டையார்பேட்டையை நீங்கள் பஸ்ஸிலோ, 2021இலிருந்து ஓடுகிற மெட்ரோ ரயிலிலோ கடந்து போயிருக்கலாம். ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் வரிசை. இன்னொரு பக்கம் எண்ணெய்க் கிடங்குகள். கூப்பிடு தூரத்தில் காசிமேடு. இங்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்துகளில் சின்னச் சின்ன ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. எட்டடிக்குப் பத்தடி அறை, பின்னால் ஒரு நீலத் திரை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் யாரோ ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்டுடியோக்காரன்தான் அந்த வட்டாரத்தின் சரித்திர ஆசிரியன். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவன் அவன். மஞ்சள் நீராட்டு விழா, வளைகாப்பு, காது குத்து, புதுப் படகுக்குப் பூஜை, கடைசியில் கண்ணீர் அஞ்சலி பேனரில் போடவேண்டிய முகம், எல்லாம் அவன் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். கடலில் போனவன் திரும்பாத வீடுகளில், மாலை போட்டு மாட்டியிருக்கிற ஒரே படம் அவன் எடுத்ததாக இருக்கும்.

அவனுக்குச் சொத்து என்று இருப்பது காமிரா ஒன்றுதான். மீனவனுக்கு வலை எப்படியோ, இவனுக்கு அது அப்படி. அந்த வலையை அறுக்கிற எலி வேறெதுவும் இல்லை, இந்த 'ஆம்'தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். பெயர் வேண்டாம். எல்லீஸ் ரோட்டில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய நிக்கான் டி750 காமிராவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வந்தான். வெளிச்சம் தெரிந்தவன். வெட்கப்படுகிற பெண்ணை எப்போது எடுக்க வேண்டும், எப்போது காமிராவைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எந்த மாடலிலும் அந்த அறிவைச் சேர்த்து விற்பதில்லை. என் சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவனை நான்தான் சிபாரிசு செய்தேன். பேசி முடிக்க வந்தபோது பெண்ணின் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நன்றாகப் படித்தவர், பெரிய கம்பெனியில் உத்தியோகம், வாரப் பத்திரிகையில் என் கதைகளைத் தவறாமல் படிப்பதாக என்னிடமே சொன்னவர்.

"உங்க காமிரா என்ன மாடல் தம்பி?"

"டி750 சார். நிக்கான்."

"டி.எஸ்.எல்.ஆரா? அதெல்லாம் நின்னு போச்சாமே!"

"மிஷின் நல்லா ஓடுது சார். எடுத்த படம் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"படம் இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டிலே கேட்பாங்க. மிரர்லெஸ் இல்லாமே எப்படி?"

அவன் கொண்டுவந்த ஆல்பத்தின் மேல் அட்டையைக்கூட யாரும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பேசிய தொகையில் குறைத்துக்கொள்வது; அதோடு ஒரு மிரர்லெஸ் காமிராவை வாடகைக்கு எடுத்து வருவது. இரண்டு நாள் வாடகையும், உதவிக்கு வந்த பையனின் கூலியும், ஆல்பம் அச்சிட்ட செலவும் போக அவன் கையில் நின்றது, பேசியதில் கால்வாசிகூட இல்லை. "இன்னா சார் பண்றது? அடுத்த கல்யாணத்துக்கும் இதையேதான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மறு மாதமே கடன் வாங்கிப் புது காமிரா எடுத்தான். தவணை முடிய இரண்டு வருஷம். ஆறு மாதம் ஆவதற்குள், அந்தக் காமிராவின் தம்பி பிறக்கப் போகிறதாம் என்று சேதி வந்துவிட்டது. அவன் கையில் இருந்தது ராத்திரியோடு ராத்திரியாகப் பழசாகிவிட்டது. விற்கலாம் என்றால் கேட்கிற விலை வாங்கிய விலையில் பாதி. காமிராவில் ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை!

இப்போது அந்தச் சித்தப்பா சொன்ன வாக்கியத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விசாரிப்போம். 'டி.எஸ்.எல்.ஆர். நின்று போச்சாமே!' எங்கிருந்து வந்தது இது?

2021ஆம் வருஷக் கடைசியில் கானன் கம்பெனித் தலைவர் மித்தராய் ஒரு ஜப்பானியப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 2020இல் வெளிவந்த 1டி எக்ஸ் மார்க் 3தான் தங்கள் உச்ச ரக எஸ்.எல்.ஆர். வரிசையில் கடைசி என்றார். உச்ச ரகம் ஒன்றைப் பற்றிச் சொன்னது, வாய்க்கு வாய் மாறி, எல்லா ரகத்தையும் பற்றியதாக ஆயிற்று. 2022 ஜூலையில் நிக்கெய் என்ற பத்திரிகை, நிக்கான் கம்பெனி எஸ்.எல்.ஆர். காமிராக்களை உருவாக்கும் வேலையை விட்டுவிடப் போகிறது என்று எழுதியது. அன்றைக்கே நிக்கான் மறுப்பு விட்டது: இது வெறும் ஊகம், உற்பத்தியும் விற்பனையும் பழுது பார்ப்பதும் தொடர்கின்றன என்று. மறுப்பு யார் காதில் விழுந்தது? நம் ஊரில் மறுப்புக்கு எப்போதுமே கால் கிடையாது.

அந்தச் செய்தியில் உண்மையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 2020க்குப் பிறகு நிக்கான் புதிய எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை, அது நிஜம். ஆனால் 'இனி ஒன்று பிறக்காது' என்பதும் 'இருப்பது செத்துவிட்டது' என்பதும் ஒன்றா? என் பாட்டனாருக்குப் பின் என் குடும்பத்தில் யாரும் நாதஸ்வரம் கற்கவில்லை என்றால், அவர் வைத்துவிட்டுப் போன நாதஸ்வரம் ஊதாதா? ஊகத்துக்கும் உண்மைக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியில்தான் அந்தத் தண்டையார்பேட்டைத் தம்பியின் இரண்டு வருஷச் சம்பாத்தியம் விழுந்து காணாமல் போயிற்று.

சரி, அந்தப் பழைய காமிரா உண்மையிலேயே போதாததா என்றும் பார்த்துவிடுவோம். கணக்கு எனக்குப் பிடித்த பாடம் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கை நாலாம் வகுப்புப் பையனும் போடலாம். டி750 வெளிவந்தது 2014இல். அதில் ஒரு படத்துக்குச் சுமார் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பினாலும் தேவைப்படுவது 1 கோடியே 94 லட்சம் புள்ளிதான். அதற்கு மேலும் அந்தப் பழைய காமிராவிடம் சரக்கு மிச்சம் இருக்கிறது. வீட்டு வரவேற்பறையில் 4கே டெலிவிஷனில் பார்ப்பீர்களா? அந்தத் திரைக்கு மொத்தமே 83 லட்சம் புள்ளிதான். கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லோரும் போனில் ஸ்டேட்டஸ் வைக்கிறீர்களே, அதற்கு 21 லட்சம் தாராளம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காகக் கேட்ட மீதிப் புள்ளிகள் எங்கே போயின? யாருடைய கம்ப்யூட்டரிலோ இடத்தை அடைத்துக்கொண்டு தூங்குகின்றன.

காமிராவின் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு என்பது வாஸ்தவம். இந்த மாடலை ஒன்றரை லட்சம் தடவை இயக்கிச் சோதித்திருப்பதாக அதைச் செய்தவர்களே சொன்னார்கள். அது சாகிற தேதி இல்லை. சோதித்துப் பார்த்த எல்லை. தேய்ந்தால் ஷட்டரை மாற்றலாம். மோட்டார் சைக்கிளுக்குச் செயின் தேய்ந்தால் வண்டியையா தலை முழுகுகிறோம்?

புது காமிராவில் விசேஷம் ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கண்ணைத் தானே தேடிப் பிடித்துத் தெளிவாக்குகிறது, சத்தமில்லாமல் எடுக்கிறது, இருட்டிலும் சமாளிக்கிறது. ஓடுகிற குதிரையையும் பறக்கிற பருந்தையும் எடுப்பவருக்கு அது பெரிய வரப்பிரசாதம். நம் வீட்டு மணப்பெண்ணோ மேடையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு ஏன் இந்த அவசரம்? காரணம் இருக்கிறது; அது கலையில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் ஜப்பானியக் காமிராக் கம்பெனிகள் உலகம் முழுவதற்கும் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அதே கணக்கு 80 லட்சத்துக்கும் கீழ். பதினைந்து பேர் வாங்கிய இடத்தில் ஒருவர் வாங்குகிறார். மற்றவர்கள் எல்லாம் போனிலேயே திருப்தி அடைந்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற அந்த ஒருவரிடம் என்ன செய்ய முடியும்? அவரிடமே திரும்பத் திரும்ப விற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விலையை ஏற்றி விற்க வேண்டும். அப்படி விற்க வேண்டுமானால் அவர் கையில் இருக்கிற நல்ல பொருளின் மீது அவருக்கே அருவருப்பு வர வேண்டும். விளம்பரம் செய்தால் செலவு, வதந்திக்குச் செலவில்லை. வதந்தியை யார் கசிய விடுகிறார்கள் என்ற துப்பறியும் கதையில் நான் இறங்கவில்லை. அதனால் லாபம் யாருக்கு என்று கேட்கிறேன், அது போதும்.

வதந்திக்கு இன்னொரு முகமும் உண்டு. கொல்வதைப் போலவே அது கொழுக்கவும் வைக்கும். பூஜிபில்ம் கம்பெனி 2020இல் எக்ஸ்100வி என்று ஒரு சின்னக் காமிராவை வெளியிட்டது. இரண்டு வருஷம் அது அமைதியாக விற்றது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் 'கிடைக்கவில்லையாம், கிடைக்கவில்லையாம்' என்று சொல்லத் தொடங்க, பழைய காமிராவுக்குப் புதிய விலையைக் காட்டிலும் அதிகம் கொடுத்து வாங்கினார்கள். அதே கண்ணாடி, அதே பெட்டி. டி750ஐக் குப்பை ஆக்கியதும் எக்ஸ்100வியைத் தங்கம் ஆக்கியதும் ஒரே வாய்தான். படத்தைப் பற்றி அந்த வாய் இரண்டு சமயத்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

'காலம் மாறும்போது கருவி மாறத்தான் செய்யும். எழுத்தாளர்கள் எப்போதுமே பழமைக்கு ஒப்பாரி வைப்பவர்கள்' என்று எனக்குப் பதில் சொல்லத் தயாராக ஒருவர் இருப்பார். அவருக்கு உதகமண்டலத்தை நினைவூட்டுகிறேன். 1960இல் அங்கே மத்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 1967இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. சந்திரனைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும், போட்டோக் காகிதமும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் நம் மலையிலேயே தயாராயின. தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கே இந்துநகர் என்று பெயர் வந்தது. 1990களின் நடுவில் அது நலிந்த ஆலையாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடியே போயிற்று. டிஜிட்டல் யுகம் வந்தபோது, ஹைப்போ நெடி வீசும் இருட்டறையில் விரல் நகம் பழுப்பேற உழைத்தவர்களின் தொழிலும் அதோடு போயிற்று. 1975இலேயே தன் கூடத்தில் டிஜிட்டல் காமிராவைச் செய்து பார்த்த கோடக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

அதற்காக யாரும் காலத்தின் மேல் வழக்குத் தொடர முடியாது, நானும் தொடரவில்லை. அது மாறுதல். பிலிம் சுருளுக்கு ஆன செலவு இல்லாமற் போயிற்று. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்க முடிந்தது. ஏழை ஸ்டுடியோக்காரனுக்கும் அதில் லாபம் இருந்தது. மாறுதல் வந்தால் வந்தது தெரியும். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, கணக்குப் போட்டு ஏற்கலாம். வதந்தி அப்படியா? வருவதற்கு முன்பே வந்துவிட்டதாகச் சொல்லி, நேற்று வாங்கியதை இன்று வெட்கப்பட வைக்கிறது. முன்னதற்குப் பலியாகிறவனுக்காக நாம் அழலாம். பின்னதற்குப் பலியாகிறவனை நாம்தான் பலி கொடுக்கிறோம்.

போட்டோத் தொழிலில் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இருக்கின்றன. டிஜிட்டல் காமிராவின் மேல் இருந்த ஜி.எஸ்.டி. வரி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. இரண்டு லட்ச ரூபாய்ச் சாமானுக்கு அது இருபதாயிரம் ரூபாய்ச் சமாசாரம். ஒரு ஸ்டுடியோவுக்குப் பல மாத வாடகை. கானன் கம்பெனி 2018இல் கொண்டுவந்த புதிய ஆர்.எப். மவுண்டில் வேற்றுக் கம்பெனியின் ஆட்டோபோகஸ் லென்ஸை விற்கக் கூடாதென்று 2022இல் வில்ட்ராக்ஸ் என்ற சீனக் கம்பெனியைத் தடுத்தது. 2024 ஏப்ரலில் சிக்மாவுக்கும் டாம்ரனுக்கும் சின்ன சென்ஸார் காமிராக்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. இதன் அர்த்தம் என்ன? பாடியை வாங்கிவிட்டவன், மலிவான லென்ஸ் வேறிடத்தில் இருந்தும் அதை வாங்க முடியாதபடி கைகட்டி நிற்பான் என்பது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பெயரில் ஒரு தகவல் வாசலைத் திறந்தது. வாங்கிய பொருளுக்கு உதிரிப் பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், யாரிடம் கொடுத்துச் சரி செய்யலாம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

தண்டையார்பேட்டையில் வேண்டிய செய்தி இதுதான். கடற்காற்றும் உப்பும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வைக்கின்றன. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்துக் காபந்து செய்தாலும், ஒரு மழைக்காலத்துக்கு ஒரு லென்ஸ் மங்கிவிடும். அதை நம்பிக்கையாகச் சுத்தம் செய்பவர் யார், ஷட்டர் மாற்ற என்ன ஆகும், இந்த மாடலுக்குச் சாமான் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று எவராவது ஒரு வதந்தியாவது கிளப்பக் கூடாதா? கிளப்ப மாட்டார்கள். பழுது பார்க்கப்பட்ட காமிராவினால் யாருக்கும் புதிதாக ஒரு காமிரா விற்காது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படம் எடுத்தார். மரப்பெட்டிக் காமிரா, காகித நெகட்டிவ், நம் வெயில். இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனின் போன் அந்தப் பெட்டியை எல்லா அளவிலும் தோற்கடிக்கும். அந்தப் படத்தை எது தோற்கடித்தது?

இவ்வளவு தூரம் போக வேண்டாம், எண்ணூருக்குப் போனால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. எண்ணெயில் குளித்த கூழைக்கடாக்களையும், வெறுங்கையால் எண்ணெயை வழித்தெடுத்த மீனவர்களையும் நாடு முழுவதும் பார்த்தது. பார்த்தவர்களில் எவராவது 'இது எந்த மாடலில் எடுத்தது?' என்று கேட்டார்களா? அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2013இல், இதே தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஒருவர் படம் எடுத்துக் காட்டினால் அதிகாரிகளால் இல்லையென்று சொல்ல முடியாது. ஏழைகள் வாழ்கிற இடத்தில் படம் என்பது அலங்காரமில்லை; சாட்சி. சாட்சியிடம் என்ன கண்ட தென்று கேட்பார்கள். கண்ணாடிக்கு என்ன பிரேம் என்று கேட்பதில்லை.

மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனி குமார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப் படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் இறங்கிச் சாகிற தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் வருஷக்கணக்கில் படம் எடுத்து வருபவர். ஆவணப் புகைப்படத்துக்கான தயானிதா சிங்-பாரி விருதை 2022இல் முதல் ஆளாகப் பெற்றவர். அவர் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் காமிரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் தங்கள் தெருவை, தங்கள் வீட்டை, தங்கள் தாயின் கைகளைப் படம் எடுத்தார்கள். இதுவரை வடசென்னையை வெளியிலிருந்து வந்தவர்கள்தான் எடுத்தார்கள். அவர்களுக்கு இங்கே அழுக்கும் அரிவாளும்தான் அகப்பட்டன. இந்தப் பிள்ளைகளிடம் போய், 'உன் கையில் இருப்பது நின்று போன மாடலாமே!' என்று ஒருவர் சொல்வாரானால், அவர் ஒரு காமிராவைப் பற்றி மட்டும் பேசவில்லை. 'நீ எடுக்கத் தகுதியில்லாதவன். பணம் சேர்த்துக்கொண்டு வா, அதுவரை மற்றவர்கள் உன்னை எடுப்பார்கள்' என்று சொல்கிறார். இதற்கு மேல் ஒரு அநியாயம் உண்டா?

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். எங்கோ இருக்கிற அவர்களுக்கு என் தமிழும் எட்டாது. ஆகவே எட்டுகிறவர்களிடம் பேசுகிறேன். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிறவனிடம் 'என்ன காமிரா?' என்று கேட்கிறவர்கள் கம்பெனி முதலாளிகள் இல்லை, நாம். படித்தவர்கள், இரண்டு புத்தகம் வாசித்து, நாலு விஷயம் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். நமக்குப் படத்தைப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு முகத்தில் வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். மாடல் நம்பரை ஒப்பிப்பதற்கு ஒரு பழக்கமும் வேண்டாம். தெரியாததை மறைக்க நம்பரைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த நம்பரையும் நாமாகத் தெரிந்துகொள்ளவில்லை. 'ஆம்' போட்டு யாரோ சொன்னது.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். என் கதை பிடிக்கவில்லை என்று எழுதியவர்கள் உண்டு. முடிவை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. எந்தப் பேனாவில் எழுதுகிறீர்கள், அது நின்று போன மாடலாமே என்று கேட்டு எந்த வாசகரும் கடிதம் போட்டதில்லை. எனக்குக் கொடுக்கிற அந்தக் குறைந்தபட்ச மரியாதையை, உங்கள் மகளின் கல்யாணத்தை ஐம்பது வருஷத்துக்குப் பத்திரப்படுத்தித் தருகிறவனுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவன் ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டுங்கள். கிழவிகளை எப்படி எடுத்திருக்கிறான் என்று பாருங்கள். மணப்பெண்ணை யாரும் அழகாக எடுத்துவிடுவார்கள். கறுத்த முகத்தைக் கறுத்த முகமாகவே அழகாக எடுத்திருக்கிறானா, மாவு பூசி வெளுத்துவிட்டானா என்று பாருங்கள். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களும் அவன் கண்ணில் பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் பேசிய தொகையைக் குறைக்காமல் முன்பணம் கொடுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லி அனுப்புங்கள். அதில் அவனுக்கு அவமானம் இல்லை.

அவன் பைக்குள் இருக்கிற காமிராவின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.